புல்லட் என்ஜினைப் பெரிதாக்கும்போது டீகம்ப்ரஷன்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

ராயல் என்ஃபீல்டு கம்பெனி கிளாசிக் 500 என்ஜினை 2020-ல் நிறுத்திவிட்டது. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் அந்த வண்டியை விற்க மனசில்லாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் கூடுதல் இழுவை வேண்டும், அதே வண்டியில் வேண்டும். அதனால் 535 சி.சி. பிளாக் (சிலிண்டர்), பிஸ்டன் போடலாமா என்று யோசிக்கிறார்கள். கூடவே அடுத்த கேள்வியும் வந்துவிடுகிறது. கம்ப்ரஷன் கூடினால் செல்ஃப் இழுக்குமா? ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விட, ஹெட்டில் தனியாக ஒரு டீகம்ப்ரஷன் வால்வு போட்டுவிடலாமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 535 வரை போகிறவர்களுக்கு ஹெட்டைத் துளைத்துப் போடும் வால்வு தேவையில்லை. கம்பெனி ஏற்கெனவே உள்ளே வைத்திருக்கும் ஆட்டோ டீகம்ப்ரஷன் ஒழுங்காக வேலை செய்தால் போதும். கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற கணக்கு) 10:1-ஐத் தாண்டும் பிஸ்டன் போடுகிறவர்களுக்குக் கணக்கே வேறு. ஏன் என்பதைப் பார்ப்போம்.

முதலில் டீகம்ப்ரஷன் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பது தெளிவாக வேண்டும். வயலுக்கு ஆயில் என்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டீசல் என்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 16, 17 என்று இருக்கும். அதைக் கையால் ஹேண்டில் போட்டுச் சுற்றி எழுப்ப ஒரு ஆளால் முடிகிறது என்றால், ஹெட்டின் மேல் இருக்கும் அந்தச் சின்ன லிவர்தான் காரணம். லிவரைத் தூக்கினால் வால்வு கொஞ்சம் திறந்தே நிற்கும், அடைபடும் காற்று வெளியே போய்விடும். நாலு சுற்று சுற்றியதும் ஃபிளைவீல் வேகம் எடுக்கும். அப்போது லிவரைப் படக்கென்று விட்டால், ஃபிளைவீலில் சேர்ந்த வேகமே பிஸ்டனை மேலே தள்ளிவிடும், என்ஜின் பிடித்துக்கொள்ளும். லிவரை விட்ட நொடியிலிருந்து முழுக் கம்ப்ரஷன்தான்.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. "டீகம்ப்ரஷன் போட்டாச்சு, இனி ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் போட்டாலும் பயமில்லை" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. ஸ்டார்ட் ஆகும் அந்த ஒன்றிரண்டு நொடிக்குத்தான் டீகம்ப்ரஷன் உதவும். வண்டி ஓடும்போது நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வந்தால் அதை இந்த வால்வால் தடுக்க முடியாது. கத்திரி வெயிலில், காற்றால் மட்டுமே குளிரும் ஒற்றை சிலிண்டரில், 91 ஆக்டேன் பெட்ரோலில் 10.5:1 பிஸ்டன் ஓட்டினால், எத்தனை வால்வு வைத்திருந்தாலும் பிஸ்டன் தலை அடி வாங்கத்தான் செய்யும். அதற்கு மருந்து 95 ஆக்டேன் பெட்ரோல், சரியான இக்னிஷன் டைமிங், தேவையான அளவு எரிபொருள் ஆகிய மூன்றும்தான்.

சரி, 535 போட்டால் உண்மையில் எவ்வளவு கூடுகிறது? 500-ன் போர் (சிலிண்டரின் விட்டம்) 84 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 90 மி.மீ. அதே ஸ்ட்ரோக்கில் போரை 87 ஆக்கினால் 535 சி.சி. அதே கம்பெனியின், 2013-ல் வந்த கான்டினென்டல் ஜிடி பைக்கின் அளவும் இதுதான். 500-ன் விகிதம் 8.5:1. அப்படியென்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 66.5 சி.சி. அந்த இடத்தை மாற்றாமல் போரை மட்டும் பெரிதாக்கினால் விகிதம் 9:1 ஆகும். காகிதக் கணக்கில் உச்ச அழுத்தம் 9 சதவீதம் கூடும், பிஸ்டனின் பரப்பு 7 சதவீதம் கூடும். இரண்டும் சேர்ந்து பிஸ்டன் தலையை அழுத்தும் விசை சுமார் 17 சதவீதம் கூடுகிறது. செல்ஃப் மோட்டார் எதிர்கொள்ள வேண்டியது இந்த 17 சதவீதத்தை. அதே 535-ல் 10.5:1 பிஸ்டன் போட்டால் அது 44 சதவீதம் ஆகிவிடும். ஒரே பிளாக்தான், பிஸ்டன் தலையின் வடிவம் மட்டும்தான் வேறு. ஆனால் ஸ்டார்ட்டிங் பிரச்சினையின் அளவு இரண்டரை மடங்கு. எனவே கடைக்காரரிடம் "535 கிட் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பிஸ்டனை உங்கள் ஹெட்டோடு சேர்த்தால் விகிதம் என்ன வரும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கிட்டை வாங்காமல் இருப்பது நல்லது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி கான்டினென்டல் ஜிடியை 8.5:1-லேயே விற்றது. 500-ல் 27.2 குதிரைத்திறனும் 41.3 நியூட்டன் மீட்டரும் வந்தன, ஜிடியில் 29.1-ம் 44-ம். வித்தியாசம் அவ்வளவுதான். தஞ்சாவூர் ரோட்டில் நெல் ஏற்றிய டிராக்டரைத் தாண்டும்போது அது தெரியும். அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இப்போது ஆட்டோ டீகம்ப்ரஷனுக்கு வருகிறேன். 2009-க்குப் பிறகு வந்த யூ.சி.இ. என்ஜினில் (என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது; கிளாசிக் 500-ல் இருப்பதும் இதுதான்) வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம்கள் கியராக வலது பக்கக் கவருக்குள் இருக்கும். எக்ஸாஸ்ட் கேமைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் அதில் ஒரு சிறிய எடைக்கட்டையும் அதைப் பிடித்து இழுக்கும் மெல்லிய ஸ்பிரிங்கும் தெரியும். என்ஜின் மெதுவாகச் சுழலும்போது கேமின் முதுகுப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு எழுந்து நிற்கும். கம்ப்ரஷன் வரும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வை அது ஒரு துளி தூக்கி, கொஞ்சம் அழுத்தத்தை வெளியே விட்டுவிடும். என்ஜின் பிடித்து வேகம் ஏறியதும் எடைக்கட்டை வெளியே வீசப்படும், மேடு உள்ளே போய்விடும். விரலால் எடைக்கட்டையைத் தள்ளிப் பார்த்தாலே இந்த வேலை புரிந்துவிடும். தள்ளினால் மேடு அமுங்க வேண்டும், விட்டால் ஸ்பிரிங் உடனே இழுத்துத் திரும்ப வேண்டும். தயங்கித் தயங்கித் திரும்பினாலோ திரும்பாமல் நின்றாலோ கோளாறு அங்கேதான்.

ஸ்பிரிங் உடைந்து எடைக்கட்டை வெளியிலேயே நின்றுவிட்டால் டீகம்ப்ரஷனே கிடைக்காது. செல்ஃப் அடித்தால் பாதிச் சுற்றில் முனகி நிற்கும், சில சமயம் பின்பக்கமாக உதைக்கும். மேடு உள்ளே போகாமல் எழுந்தே நின்றால் டிக் டிக் என்று சத்தம் வரும், ஐடிலிங் நிற்காது, சைலன்சரில் வெடிக்கும். இரண்டுமே பிளாக்கைப் பெரிதாக்குவதற்கு முன்பே இருந்திருக்கலாம், 8.5:1-ல் தாக்குப்பிடித்துப் போயிருக்கும். 9:1 வந்ததும் வெளியே தெரிகிறது. உடனே பழி புதுப் பிஸ்டன் மேல் விழுகிறது.

கும்பகோணத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் இப்படித்தான் ஒரு பேச்சு நடந்தது. வண்டிக்காரர் இளைஞர். "அண்ணே, 535 போட்டதுலேருந்து செல்ஃப் இழுக்கல. ஹெட்ல ஒரு வால்வு போட்டுடலாமா?" என்றார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, ஓட்டை போட்டா போட்டதுதான். மொதல்ல கேமைக் கழட்டுவோம். அதுக்கும் முன்னாடி பேட்டரியைப் பாப்போம்." நான் இதுவரை கேட்டதிலேயே நிதானமான ஆலோசனை அது.

பேட்டரியை முதலில் பார்க்கச் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். இழுக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி, கேபிள், எர்த் இணைப்பு இவற்றில்தான் முதல் சந்தேகம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, பூம்புகார் என்று கடற்கரை ஓரம் வண்டி நிற்கும் வீடுகளில் எர்த் போல்ட்டின் அடியில் உப்புக்காற்றில் துரு படிந்திருக்கும். பேட்டரி புதிதாக இருந்தாலும் மின்சாரம் போய்ச் சேராது. போல்ட்டைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து கிரீஸ் தடவிப் பூட்டினாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

பலவீனமான பேட்டரியோடு திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிஸ்டன் உச்சியைத் தாண்ட முடியாமல் நிற்கும்போது பிளக் தீப்பொறி கொடுத்தால் என்ஜின் பின்னோக்கித் திரும்பும். அந்த அடி நேராக, செல்ஃப் மோட்டாரை என்ஜினோடு ஒரு பக்கமாக மட்டும் பிணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச்சில் விழும். 500 வைத்திருப்பவர்களுக்கு ஸ்ப்ராக் கிளட்ச் போவது என்றால் என்னவென்று தெரியும். செல்ஃப் மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றும், என்ஜின் அசையாது. இடது பக்கக் கவரைத் திறந்து, மேக்னட்டைக் கழற்றித்தான் அதை மாற்ற வேண்டும். வேலையும் பெரிது, செலவும் பெரிது. டீகம்ப்ரஷன் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முக்கியக் காரணம் இந்த ஸ்ப்ராக் கிளட்ச்தான். கிக்கரில் உதைப்பவருக்கோ அது கணுக்கால் விஷயம்.

அப்புறம், ஆட்டோ டீகம்ப்ரஷன் இருக்கும் என்ஜினில் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு "கம்ப்ரஷன் கம்மியா இருக்கு, ரிங் போச்சு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செல்ஃப் சுற்றும் வேகத்தில் அந்த மேடு வால்வைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கும், கேஜ் குறைவாகத்தான் காட்டும். உண்மை தெரிய வேண்டுமென்றால் இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தி, அது எங்கே கசிகிறது என்று பார்க்கும் சோதனைதான் சரி. சைலன்சர் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாய் வழியாக வந்தால் ரிங்.

இனி ஹெட்டில் துளைத்துப் போடும் வால்வு. ஸ்பார்க் பிளக் மாதிரி மரை உள்ள ஒரு சிறு வால்வு அது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் பட்டனை அழுத்தினால் திறந்து நிற்கும், என்ஜின் முதல் முறை வெடித்ததும் அந்த அழுத்தமே அதைத் தள்ளி மூடிவிடும். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. 10:1-க்கு மேல் போன என்ஜினில் இது நிஜமாகவே உதவும். பேட்டரி, செல்ஃப், ஸ்ப்ராக் கிளட்ச் எல்லாவற்றுக்கும் சுமை குறையும். மாற்றுக் கேம் போட்டு, அதில் ஆட்டோ டீகம்ப்ரஷன் இல்லாமல் போயிருந்தாலும் இதுதான் வழி.

ஆனால் அதற்கு ஹெட்டில் எரியும் அறை வரை ஓட்டை போட வேண்டும். இரண்டு வால்வு சீட்டுகளுக்கும் பிளக்குக்கும் நடுவே மிஞ்சும் அலுமினியம் அதிகமில்லை. ஓட்டை சற்றுத் தள்ளிப் போனாலும் சூட்டில் விரிசல் விடும். அளவெடுத்து, ஜிக்கில் பிடித்து, மில்லிங் மெஷினில் செய்யத் தெரிந்த லேத் பட்டறை என்றால் சரி. கை டிரில்லில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஹெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். போட்ட பிறகும் கவனிப்பு வேண்டும். கார்பன் படிந்தால் வால்வு முழுசாக உட்காராது, அந்தச் சந்து வழியாக எரியும் வாயு சீறிக்கொண்டு வெளியேறி வால்வு முனையையே அரித்துவிடும். உஸ் என்ற சத்தம் கேட்க ஆரம்பித்தால் உடனே கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்தும் பழக்கமும் வேண்டும். ரயில்வே கேட்டில் வண்டி நின்றுபோய், கேட் திறந்து, பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கும்போது பட்டன் ஞாபகத்துக்கு வருமா என்பதை அவரவர்தான் யோசித்துக்கொள்ள வேண்டும். சில செட்டுகளில் பட்டனுக்குப் பதிலாகக் கேபிளும் ஹேண்டில்பார் லிவரும் வரும். ஞாபகம் வைத்துக்கொள்ள அது எளிது, ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கேபிளுக்கு எண்ணெய் விடாமல் இருந்தால் இறுகிவிடும்.

கேமை மாற்றுவது இன்னொரு வழி. இன்டேக் வால்வு தாமதமாக மூடும் கேம் போட்டால், மெதுவாகச் சுழலும்போது உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் திரும்பி வெளியே போய்விடும். அதனால் ஸ்டார்ட் செய்வது எளிதாகும். விகிதம் 9.5 என்று இருந்தாலும் செல்ஃபுக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் அதே காரணத்தால் குறைந்த வேகத்தில் இழுவையும் போய்விடும். நம் பக்கம் ஓட்டுவது எப்படி? மலை கிடையாது, நீண்ட ஆறு வழிச் சாலையும் பெரிதாகக் கிடையாது. ஆற்றங்கரை ரோடு, வளைவு, அறுவடைக் காலத்தில் கதிர் அறுக்கும் இயந்திரத்தின் பின்னால் ஊர்ந்து போவது, ஊருக்குள் தேரோடும் வீதி. 3000 ஆர்.பி.எம்-க்குக் கீழேதான் பாதி நேரம் போகிறது. அந்த இடத்தில் இழுவையைத் தொலைத்துவிட்டு உச்சியில் நாலு குதிரைத்திறன் சேர்ப்பது டெல்டாவில் ஓட்டுகிறவருக்கு ஒத்துவராது. நெடுஞ்சாலையில்தான் பெரும்பாலும் ஓட்டுவேன் என்பவருக்கு வேண்டுமானால் சரி.

கம்ப்ரஷனையே கூட்டாமல் 535 போடவும் முடியும். மேலே சொன்ன கணக்கில் 9:1-ஐ மறுபடி 8.5-க்குக் கொண்டுவர இன்னும் 4.8 சி.சி. இடம் வேண்டும். 87 மி.மீ. போரில் அது சுமார் 0.8 மி.மீ. உயரம். பிளாக்குக்கு அடியில் அந்தக் கனத்துக்குக் கூடுதல் பேக்கிங் கொடுத்தால் ஆகிவிடும். கேமிலிருந்து வால்வைத் தள்ளும் புஷ்ராட் கம்பியின் நீளம் ஒத்துவருகிறதா என்று மட்டும் சரிபார்க்க வேண்டும். ஆனால் எனக்கு இது பிடித்தமான வழி இல்லை. பிஸ்டன் உச்சிக்கும் ஹெட்டுக்கும் நடுவே நெருக்கம் குறைந்தால் கலவை நன்றாகச் சுழன்று எரியாது, நாக்கிங் வரும் வாய்ப்பு சில சமயம் அதிகரிக்கவும் செய்யும். 9:1-ஐ இந்த என்ஜின் தாங்கும், பேக்கிங்கில் போய்த் தொலைக்க வேண்டாம்.

பழைய இரும்பு பிளாக் புல்லட்காரர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. அங்கே ஹேண்டில்பாரில் இருக்கும் டீகம்ப்ரஷன் லிவர் எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் பிடிக்கும். 350-ன் 70 மி.மீ. போரை 84 ஆக்கி 500 செய்பவர்கள் அந்த லிவரைக் கழற்றவே கூடாது. கிக்கரை மெதுவாக அழுத்தி, இறுகும் இடத்தில் ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, லிவரைப் பிடித்து இம்மியளவு தாண்டவிட்டு, லிவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. அப்பா, சித்தப்பா யாராவது செய்து பார்த்திருப்பீர்கள். பெரிய பிஸ்டனுக்கு அந்த வரிசை இன்னும் கட்டாயம். இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். கேபிளில் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் வால்வு முழுசாக மூடாமல் நின்று கருகிவிடும். அடுத்தது, பாயின்ட் பக்கத்தில், வேகத்துக்கு ஏற்பத் தீப்பொறி நேரத்தை முன்தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், அதற்கு லிவர் ஒன்றும் செய்யாது.

ஹார்லி வைத்திருப்பவர்கள் இங்கே சிலர்தான். மில்வாக்கி-எய்ட் என்ஜின்களில் கம்பெனியே கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஆட்டோ டீகம்ப்ரஷன் கொடுக்கிறது. 107 கன அங்குல என்ஜினுக்கு விகிதம் 10, 114-க்கு 10.5. ஒரு சிலிண்டரே 870, 930 சி.சி. என்னும்போது அது இல்லாமல் முடியாது. பெரிய கிட் போடும்போது, அதை மின்சாரத்தால் திறக்கும் சோலினாய்டை எடுத்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டுக் கையால் அழுத்தும் வால்வுக்கு மாறுகிறவர்கள் உண்டு. சோலினாய்டு நன்றாக இருக்கும்வரை மாற்றத் தேவையில்லை.

எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்தால் நான் சொல்லும் வழி இது. 535, 9:1 வரை என்றால் கம்பெனி எக்ஸாஸ்ட் கேம், சரிபார்த்த ஆட்டோ டீகம்ப்ரஷன், நல்ல பேட்டரி, சுத்தமான எர்த், 95 ஆக்டேன் பெட்ரோல். 9.5-க்கும் இதுவே, பேட்டரி மட்டும் புதிதாக இருக்கட்டும். 10-ஐத் தாண்டுகிறீர்கள் என்றால், பிளாக் வாங்கும்போதே ஹெட்டையும் கழற்றி நல்ல பட்டறைக்குக் கொடுத்து வால்வு போட்டுவிடுங்கள். என்ஜினைப் பூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி பிரித்துத் துளைப்பது இரட்டைச் செலவு.

போரைப் பெரிதாக்குவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது 499 சி.சி. கம்பெனி கொடுத்த அளவிலிருந்து என்ஜினை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

வேலை முடிந்து ரன்னிங்-இன் ஆன பிறகு குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். மதிய வெயிலில் கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வரை ஓட்டி, வண்டியை அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து செல்ஃப் அடியுங்கள். ஹெட்டின் சூடு கீழிறங்கி எல்லாம் விரிந்திருக்கும் அந்த நேரத்தில்தான் செல்ஃபுக்கு அதிகச் சுமை. மல்டிமீட்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். முனகாமல், 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எழுந்தால் ஹெட்டில் கை வைக்கும் வேலை இல்லை. முனகினால் கேம் கவரைத் திறந்து, அந்த ஸ்பிரிங்கிலிருந்து ஆரம்பியுங்கள்.